58-உம் 41-உம்: குழந்தைகள் நலத் தரவில் எதை முதலில் அளப்பது?

2018 மார்ச்சில் தொடங்கிய மத்திய அரசின் ஊட்டச்சத்துத் திட்டமான போஷன் அபியான், சிறு குழந்தைகளிடம் உள்ள இரத்தசோகையை ஆண்டுக்கு 3 சதவீதப் புள்ளி வீதம் குறைப்பதாக இலக்கு வைத்தது. அப்போது கையில் இருந்தது 2015-16இல் நடந்த நான்காம் தேசிய குடும்ப நல ஆய்வின் எண். அதன்படி 6 மாதம் முதல் 59 மாதம் வரையுள்ள குழந்தைகளில் 58.6 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. 2019 அக்டோபரில் விரிவான தேசிய ஊட்டச்சத்து ஆய்வின் அறிக்கை வெளியானது. 2016 முதல் 2018 வரை களப்பணி நடந்த அந்த ஆய்வில் 1 முதல் 4 வயதுவரை உள்ளவர்களிடம் இரத்தசோகை 41 சதவீதம்தான்.

இடைவெளி 17 புள்ளிக்கு மேல். ஆண்டுக்கு 3 புள்ளி என்று கணக்கிட்டால், ஏறக்குறைய ஆறு ஆண்டு உழைத்துப் பெற வேண்டிய இறக்கம் இது. இரு ஆய்வுகளின் வயது வரம்பும் ஒன்றல்ல. 6 முதல் 11 மாதக் குழந்தைகளிடம் இரத்தசோகை அதிகம், அவர்கள் இரண்டாம் ஆய்வின் இரத்தச் சோதனையில் இல்லை. களப்பணி நடந்த காலமும் சற்றுத் தள்ளி இருக்கிறது. இந்த இரண்டையும் கழித்தாலும் பெரிய பங்கு மிஞ்சுகிறது. முதல் ஆய்வு விரல் நுனியில் குத்தி எடுத்த துளியை வீட்டு வாசலிலேயே சிறு கருவியில் சோதித்தது. இரண்டாவது, நரம்பில் ஊசி போட்டுக் குழாயில் இரத்தம் எடுத்து ஆய்வகத்தில் அளந்தது.

குழந்தைகள் நலத்துக்கான தரவு முன்னுரிமை என்றதும் பேச்சு நோய்களின் பட்டியலில்தான் தொடங்கும். இரத்தசோகையா, உடல் மெலிவா, மனநலமா, ஊனமா என்று ஒவ்வொரு துறையும் தன் கேள்வியை உள்ளே நுழைக்கப் பார்க்கும். அதற்கு முன்பே கேட்க வேண்டியது ஒன்று உண்டு: வரப்போகும் எண் எந்த முடிவைத் தாங்கப் போகிறது, அந்தப் பாரத்தை அதனால் தாங்க முடியுமா? மேலே சொன்ன இலக்கு இந்தக் கேள்வியைக் கேட்காமலே வைக்கப்பட்டது. ஆண்டுக்கு 3 புள்ளி அசைவைப் பார்க்க வேண்டிய இடத்தில், முறை மாறினால் பத்துப் புள்ளிக்கு மேல் ஆடும் அளவுகோல் இருந்தது.

யார் கணக்கில் இருந்தார்கள்

தேசிய குடும்ப நல ஆய்வு 1992-93இல் தொடங்கியபோது அதன் மையம் பிறப்பு விகிதமும் குடும்பக் கட்டுப்பாடும் தாய் சேய் நலமும்தான். குழந்தை பெறும் வயதில் உள்ள பெண்களைப் பேட்டி எடுப்பது, அவர்களுடைய சிறு குழந்தைகளை அளப்பது என்ற சட்டகம் அங்கிருந்து வந்தது. சுற்றுக்குச் சுற்று கேள்விகள் கூடின, சட்டகம் மட்டும் அப்படியே நின்றது. ஐந்து வயது முடிந்த குழந்தை ஆய்விலிருந்து வெளியே போகும். 15 வயதில்தான் திரும்ப உள்ளே வரும். இடையில் உள்ள பத்து ஆண்டு வயதினர் 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி சுமார் 26 கோடி பேர். சத்துணவு சாப்பிடுபவர்கள், பள்ளியில் இரும்புச்சத்து மாத்திரை வாங்குபவர்கள், குடற்புழு நீக்க மாத்திரை விழுங்குபவர்கள் இவர்கள்தான். இவர்களுடைய உயரம், எடை, இரத்தம் பற்றி நாடு தழுவிய நம்பகமான எண் 2016 வரை கிடையாது.

தமிழ்நாட்டுக்கு இன்னொரு பழைய இடைவெளியும் உண்டு. முதல் சுற்றில் உயரம் அளக்கும் பலகை கைக்கு வராததால் தமிழ்நாடு, ஆந்திரா, மேற்கு வங்கம், மத்தியப் பிரதேசம், இமாச்சலப் பிரதேசம் ஆகிய ஐந்து மாநிலங்களில் குழந்தைகளின் எடை மட்டும்தான் எடுக்கப்பட்டது. வயதுக்கேற்ற உயரமின்மை பற்றிய தமிழ்நாட்டின் வரலாறு அதனால் இரண்டாம் சுற்றிலிருந்து, 1998-99இலிருந்துதான் தொடங்குகிறது. கேள்வித்தாளில் அந்தப் பகுதி இருந்தது, பணியாளர் இருந்தார், குழந்தையும் இருந்தது. பலகை இல்லை. எதை அளப்பது என்று முடிவெடுக்கும் கூட்டத்தில் கருவி எத்தனை, எந்தத் தேதிக்குள் எந்த ஊருக்கு வரும் என்பதும் பேசப்பட வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது. அன்று போன எண்ணை இனி யாராலும் எடுக்க முடியாது.

2016இல் எதை விட்டார்கள், எதைப் பிடித்தார்கள்

விரிவான தேசிய ஊட்டச்சத்து ஆய்வை மத்திய சுகாதார அமைச்சகமும் யுனிசெஃபும் சேர்ந்து நடத்தின. களப்பொறுப்பு பாப்புலேஷன் கவுன்சில் என்ற ஆராய்ச்சி நிறுவனத்திடம் இருந்தது. 30 மாநிலங்களில் 1,12,316 குழந்தைகளும் வளரிளம் பருவத்தினரும் பேட்டி காணப்பட்டார்கள். 51,029 பேரிடம் இரத்தம் உள்ளிட்ட மாதிரிகள் எடுக்கப்பட்டன.

எண்ணிக்கையைவிட அதன் பின்னால் இருக்கும் தேர்வுகள் முக்கியம். 0-4, 5-9, 10-19 என்று மூன்று வயதுக் கூறுகள் வகுத்து, ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய சம அளவில் மாதிரி ஒதுக்கினார்கள். வீட்டில் இருக்கும் பிள்ளைகளை எல்லாம் அளந்து பிறகு வயதுவாரியாகப் பிரித்திருந்தால், ஏதோ ஒரு வயதுக்கு எண்ணிக்கை போதாமல் போயிருக்கும். இதற்குக் கொடுத்த விலை மாவட்டம். அதே காலத்துக் குடும்ப நல ஆய்வு மாவட்டவாரியாக எண் தந்தது. இந்த ஆய்வு மாநிலத்தோடு நிறுத்திக்கொண்டது. சரியான பேரம்தான் என்று சொல்லலாம். நரம்பு இரத்தத்தை எழுநூறு மாவட்டங்களில் தேவையான எண்ணிக்கைக்கு எடுத்து, குளிர் குறையாமல் ஆய்வகத்துக்குக் கொண்டுசேர்க்க யாராலும் முடிந்திருக்காது. மாதிரியில் பாதிப்பேரிடம் மட்டும் இரத்தம் எடுத்ததும் இதே கணக்கில்தான்.

இரத்தம் எடுப்பது என்று முடிவான பின் அதில் எதைச் சோதிப்பது? இரும்பு, வைட்டமின் ஏ, டி, பி12, ஃபோலேட், துத்தநாகம் எல்லாம் வந்தன. அவற்றோடு சி.ஆர்.பி. என்ற அழற்சிக் குறியீடும் வந்தது. வெளியே அதிகம் பேசப்படாத அந்த ஒரு சோதனைதான் மற்றவற்றைக் காப்பாற்றியது. சளியோ காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ உள்ள குழந்தையின் இரத்தத்தில், உடலின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெர்ரிடின் என்ற புரதம் தானாக ஏறும். இரும்புக் குறைபாடு இருந்தும் இல்லாததுபோல் தெரியும். வைட்டமின் ஏ அளவோ இறங்கும், இல்லாத குறைபாடு இருப்பதுபோல் தெரியும். அழற்சியை அளக்காமல் ஃபெர்ரிடினை மட்டும் அளந்தால் செலவு முழுதும் ஆகும், எண் எதற்கும் உதவாது. காசு குறைகிறதென்று சோதனைப் பட்டியலில் கைவைக்கும்போது முதலில் வெட்டப்படுவது பெரும்பாலும் இந்த மாதிரித் துணைச் சோதனைதான், ஏனென்றால் அதன் பேரில் ஒரு திட்டமும் இல்லை.

பலன் என்ன? 1 முதல் 4 வயதினரில் இரும்புக் குறைபாடு 32 சதவீதம், வைட்டமின் ஏ குறைபாடு 18 சதவீதம். இரத்தசோகை 41 என்றும் இரும்புக் குறைபாடு 32 என்றும் வந்ததும் பேச்சே மாறியது. இரும்பு மாத்திரை மட்டும் போதாது, ஃபோலேட்டும் பி12-உம் தொற்றும் கவனிக்கப்பட வேண்டும் என்பதற்கு எண் கிடைத்தது. வைட்டமின் ஏ குறைபாடு 20 சதவீதத்தைத் தாண்டினால் கடுமையான பொதுச்சுகாதாரப் பிரச்சினை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. நாட்டுச் சராசரி அதற்குக் கீழே வந்ததால், எல்லாக் குழந்தைக்கும் எல்லா மாநிலத்திலும் வைட்டமின் ஏ-யின் பெரிய டோஸ் தொடர வேண்டுமா என்ற விவாதம் ஆதாரத்தோடு நடக்க முடிந்தது. 5-9 வயதினரிலும் 10-19 வயதினரிலும் சுமார் 10 சதவீதம் பேரின் சர்க்கரை அளவு நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருந்தது. அதுவரை 15 வயதுக்குக் கீழே உள்ளவர்களைப் பார்த்து இந்தக் கேள்வி நாடளவில் பெரிதாகக் கேட்கப்படவில்லை.

வாசலில் ஒரு துளி

விரல் துளி முறை எங்கே தவறுகிறது என்பதை அருகில் போய்ப் பார்க்க வேண்டும். ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கு விரலில், அதற்குக் கீழே என்றால் குதிகாலில் குத்துவார்கள். ஸ்பிரிட் தடவிய இடம் முழுதாகக் காய வேண்டும். ஈரம் இருந்தால் துளி பரவும், நீர்க்கும். குத்து போதிய ஆழத்துக்கு ஒரே தடவையில் இறங்க வேண்டும். முதல் இரண்டு துளியைத் துடைத்துவிட்டு மூன்றாவதைத்தான் எடுக்க வேண்டும். சிறு பிளாஸ்டிக் குவெட்டின் நுனியைத் துளியில் வைத்தால் அதுவே உறிஞ்சிக்கொள்ளும். ஒரே மூச்சில் நிரம்ப வேண்டும். பாதி நிரம்பியதை இன்னொரு துளியால் நிரப்பினால் உள்ளே காற்றுக்குமிழி நிற்கும், எண் கெடும்.

நடைமுறையில் என்ன நடக்கும்? குழந்தை அழும், கையை இழுக்கும். துளி சிறிதாக வரும். பக்கத்தில் பாட்டி "இன்னும் எத்தனை தடவ குத்துவீங்க?" என்று கேட்பார். பணியாளர் விரலைப் பிதுக்குவார். பிதுக்கினால் இரத்தத்தோடு திசு நீரும் கலந்து வரும், ஹீமோகுளோபின் குறைவாகக் காட்டும். குவெட் டப்பாவைத் திறந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முடிக்க வேண்டும். மூடியைச் சரியாக மூடாமல் கடலோர ஊரிலோ மழைக்காலத்திலோ வைத்திருந்தால் உள்ளே உள்ள வேதிப்பொருள் ஈரம் பட்டுக் கெடும். திறந்த தேதியை டப்பாவின் மேல் எழுதுவது பயிற்சி வகுப்பில் சொல்லப்படும், களத்தில் பாதி டப்பாவில் இருக்காது. எல்லாம் சரியாகச் செய்தாலும் ஒரே விரலின் அடுத்தடுத்த துளிகள் ஒரே எண்ணைத் தருவதில்லை.

"ஒன்றில் கூடும், ஒன்றில் குறையும், சராசரியில் சரியாகிவிடும்" என்பது பலரும் நம்பும் வாதம். சராசரிக்கு அது பொருந்தும், சதவீதத்துக்குப் பொருந்தாது. உயரத்தை வைத்தே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு குழந்தை தன் வயதுக்கான தர உயரத்திலிருந்து எத்தனை திட்டவிலக்கம் (எண்கள் பரவிக் கிடக்கும் அளவு) தள்ளி இருக்கிறது என்பதுதான் இஸட் மதிப்பு; -2க்குக் கீழே என்றால் குட்டை என்று கணக்கு. ஓர் ஊரில் குழந்தைகளின் வயதுக்கேற்ற உயரத்தின் சராசரி இஸட் மதிப்பு -1.3, திட்டவிலக்கம் 1.0 என்று வைத்துக்கொள்வோம். -2க்குக் கீழே இருப்பவர்கள் 24 சதவீதம். அதே ஊரில் கவனக்குறைவாக அளந்ததால் திட்டவிலக்கம் 1.3 ஆகிவிட்டது, சராசரி கொஞ்சமும் மாறவில்லை. இப்போது -2க்குக் கீழே 29 சதவீதத்துக்கு மேல். ஒரு குழந்தைகூடக் குட்டையாகாமல் ஐந்து புள்ளி ஏறிவிட்டது. அடுத்த சுற்றில் பயிற்சியை இறுக்கினால் அதே ஐந்து புள்ளி இறங்கும், அதைத் திட்டத்தின் வெற்றி என்று அறிக்கை சொல்லும். திட்டவிலக்கத்தை வெளியிடாத ஆய்வின் போக்கை அதனால்தான் நம்பக் கூடாது.

உயரப் பலகை

இரண்டு வயதுக்குக் கீழே படுக்க வைத்து நீளம், அதற்கு மேல் நிற்க வைத்து உயரம். படுத்த நீளம் நின்ற உயரத்தைவிடச் சராசரியாக 0.7 செ.மீ. கூடுதல். சரியாக 24 மாதம் முடிந்த ஆண் குழந்தைக்கு -2 எல்லை, படுத்து அளந்தால் 81.7 செ.மீ., நின்று அளந்தால் 81.0. நிற்க மறுத்த பையனைப் படுக்க வைத்து 81.5 என்று அளந்துவிட்டு, படிவத்தில் "நின்று" என்ற கட்டத்தில் குறித்தால் அவன் எல்லைக்கு மேலே போய்விடுவான். உண்மையில் அவன் கீழே இருக்கிறான். அதனால் எப்படி அளந்தார்கள் என்ற கட்டம் எண்ணுக்கு நிகரான தரவு. அதை நீக்கிப் படிவத்தைச் சுருக்குவது தவறு.

வயது இன்னும் வழுக்கும் இடம். இரண்டு வயதை ஒட்டிக் குழந்தை மாதத்துக்கு 0.9 செ.மீ. அளவில் வளர்கிறது. பிறந்த தேதியில் ஒரு மாதம் பிசகினால் இஸட் மதிப்பு 0.3 நகரும். "ஆடி மாசம் பொறந்தான்" என்று அம்மா சொல்வதைப் பணியாளர் ஜூலை என்று எழுதிவிடுவார். அது ஆகஸ்ட் பாதிவரை போகலாம். பிறப்புச் சான்றிதழ், தாய் சேய் நல அட்டை, தடுப்பூசி அட்டை என்ற வரிசையில் ஆவணத்தைப் பார்த்து, எதிலிருந்து தேதி எடுத்தார்கள் என்பதையும் பதிய வேண்டும். தமிழ்நாட்டில் பெரும்பாலான பிரசவங்கள் மருத்துவமனையில் நடப்பதால் இது எளிது. அட்டை ஊரில் இருக்க, குடும்பம் செங்கல் சூளையில் இருக்கும் வீடுகளில்தான் சிக்கும்.

பயிற்சிக்குக் குறைந்தபட்சம் பத்துக் குழந்தைகள் வேண்டும். ஒவ்வொருவரையும் ஒவ்வொரு பணியாளரும் முதல் எண்ணைப் பார்க்காமல் இரண்டு முறை அளந்து, தனக்குள்ளும் பயிற்சியாளரோடும் எவ்வளவு விலகுகிறார் என்று பார்ப்பார்கள். தேறாதவரை எழுதும் வேலைக்கு மாற்ற வேண்டும். களத்தில் சில குழந்தைகளை இன்னொரு நாள் திரும்ப அளக்க வேண்டும். இரண்டு அளவும் 1 செ.மீ.க்கு மேல் விலகினால் அந்தக் குழுவோடு அன்றே உட்கார்ந்து பேச வேண்டும். அளவுகள் .0, .5 என்று முடிவது கூடிக்கொண்டே போனால், குழந்தையைச் சரியாக நிறுத்தாமல் கண்ணளவில் எழுதுகிறார்கள் என்று பொருள்.

மாவட்ட எண் வேண்டும் என்றால்

ஆட்சியர்களும் துறைச் செயலர்களும் கேட்பது மாவட்ட எண்தான், அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதன் விலையைக் கூட்டத்திலேயே சொல்லிவிட வேண்டும். 35 சதவீதத்தை ஒட்டிய ஒரு குறியீட்டை 5 புள்ளி கூடக்குறைய அறிய, ஊர் ஊராகக் கொத்தாக மாதிரி எடுப்பதற்காக 1.5 மடங்காக்கினால், சுமார் 525 குழந்தைகள் வேண்டும். பத்தில் ஒரு வீடு கிடைக்காது என்று எடுத்தால் 580க்கு மேல். தமிழ்நாட்டின் 38 மாவட்டங்களுக்கு 22,000. இது ஒரே ஒரு வயதுக் கூறுக்கு. 5-9, 10-19 சேர்த்தால் மூன்று மடங்கு. துல்லியம் 3 புள்ளி வேண்டும் என்றால் மாவட்டத்துக்கு 525 என்பது 1,457 ஆகும்.

இவ்வளவும் ஒரு நாளின் நிலையை அறிய மட்டுமே. மாற்றத்தை அறிவது இதைவிடக் கடினம். 25 சதவீதம் 22 ஆகக் குறைந்திருக்கிறதா என்று ஐந்தில் நான்கு தடவை சரியாகச் சொல்ல, ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய 4,700 குழந்தைகளை அளக்க வேண்டும். மாவட்டத்தில் சில நூறு குழந்தைகளை அளந்த ஆய்வை வைத்து "இரண்டு புள்ளி முன்னேற்றம்" என்று தரவரிசை போடுவதில் அர்த்தமில்லை. அந்தத் தரவரிசையால் திட்ட அலுவலர் இடம் மாற்றப்படுகிறார் என்றால், தரவு அவருக்கு அநியாயம் செய்திருக்கிறது.

பருவமும் சேர்ந்துகொள்ளும். உடல் மெலிவு (உயரத்துக்குப் போதாத எடை) மழைக்கும் அறுவடைக்கும் வயிற்றுப்போக்குக் காலத்துக்கும் ஏற்ப ஏறி இறங்கும். தமிழ்நாட்டில் அது நான்காம் குடும்ப நல ஆய்வில் 19.7 சதவீதம், ஐந்தாவதில் 14.6. இவற்றுக்கு நடுவே நடந்த ஊட்டச்சத்து ஆய்வு, 20 சதவீதமோ அதற்கு மேலோ உள்ள மாநிலங்களில் தமிழ்நாட்டையும் சேர்த்தது. ஐந்தாம் சுற்றின் தமிழ்நாட்டுக் களப்பணி ஊரடங்கால் நடுவில் அறுபட்டது. எந்த மாதத்தில் யாரை அளந்தார்கள் என்று பிரித்துப் பார்க்காமல் 19.7ஐயும் 14.6ஐயும் கோடு போட்டு இணைக்கக் கூடாது. பருவத்தோடு ஆடும் குறியீடு எதுவானாலும் களப்பணியை ஆண்டு முழுதும் பரப்ப வேண்டும், இல்லையென்றால் ஒவ்வொரு சுற்றையும் அதே மாதங்களில் நடத்த வேண்டும்.

பதிவேட்டில் இருப்பதை ஆய்வில் கேட்காதே

பட்டியலைச் சுருக்க ஒரு நல்ல வழி, ஒவ்வொரு குறியீட்டுக்கும் ஒரே வரியில் இப்படி எழுதச் சொல்வது: "இந்த எண் இத்தனைக்கு மேல் வந்தால், இன்ன அலுவலர் இன்ன நிதியிலிருந்து இதை மாற்றுவார்." எழுத முடியாத குறியீடு அடுத்த சுற்றுக்குப் போகட்டும். எழுத முடிந்தவற்றில் ஏற்கெனவே பதிவேட்டில் இருப்பவற்றைக் கழிக்க வேண்டும். குழந்தை இறப்பு விகிதத்துக்கு மாதிரிப் பதிவுத் திட்டம் இருக்கிறது. தமிழ்நாட்டில் பிக்மி எண் (கர்ப்பிணியைப் பதிவு செய்யும்போது அரசு தரும் எண்) இல்லாமல் பிறப்புச் சான்றிதழ் கிடைக்காது என்பதால் கர்ப்பகாலப் பதிவும் பிறப்பு எடையும் அங்கே பெருமளவு கிடைக்கும். அங்கன்வாடி எடைகள் 2021 முதல் போஷன் டிராக்கர் செயலியில் ஏறுகின்றன. 2013 முதல் நடக்கும் தேசியச் சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறையும் பள்ளிக்கு ஒருமுறையும் போகிறது.

ஆனால் பதிவேடு வந்தவரை மட்டும் எண்ணும். அங்கன்வாடிக்கு வராத குழந்தை, பள்ளியிலிருந்து நின்ற பிள்ளை, தனியார் மருத்துவமனைக்கே போகும் வீடு அதில் இல்லை. எடை குறைந்த குழந்தையைப் பதிந்தால் விளக்கம் எழுத வேண்டியவரும் அதே பணியாளர்தான். அவர் கை எல்லைக்கோட்டுக்கு மேலே சாய்வதில் ஆச்சரியம் இல்லை, அதற்காக அவரைக் குறை சொல்லவும் கூடாது. ஒரு குழந்தையைப் பின்தொடர்ந்து கவனிக்கப் பதிவேடு வேண்டும். மாநிலம் எங்கே நிற்கிறது என்பதை வெளியாள் அளக்க வேண்டும். ஒரு சில வட்டாரங்களில் இரண்டையும் ஒரே மாதத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பதிவேடு எவ்வளவு சாய்கிறது என்று தெரியும். அதற்கான செலவு மிகக் குறைவு, அரிதாகவே செய்கிறார்கள்.

நலவாழ்வு என்ற கடினமான பாதி

உடலை அளக்கக் கருவி இருக்கிறது. மனம், ஊனம், வளர்ச்சி ஆகியவற்றுக்குக் கேள்விகள்தான் கருவி. பெங்களூரு மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் தலைமையில் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடந்த 2015-16 தேசிய மனநல ஆய்வில் பெரியவர்கள் 34,802 பேர், 13 முதல் 17 வயதினர் 1,191 பேர். அந்த வயதில் 7.3 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலக் கோளாறு என்ற எண் அங்கிருந்துதான் வந்தது. இத்தனை சிறிய மாதிரியிலிருந்து மாநிலத்துக்கு ஒன்று என்று எண்ணைப் பிரிக்க முடியாது. ஆனாலும் இது இல்லாவிட்டால் அந்த வயதுக்கு ஆதாரமே இல்லை என்பதால் இதன் மதிப்பு அதிகம்.

ஊனத்தில் கேள்வியின் சொல்லே முடிவைத் தீர்மானிக்கும். "வீட்டில் ஊனமுற்ற குழந்தை இருக்கிறதா?" என்று கேட்டால், கல்யாணத்துக்குப் பெண் இருக்கும் வீட்டில் இல்லை என்றுதான் பதில் வரும். யுனிசெஃபும், ஊனம் பற்றிய புள்ளிவிவரத்துக்கான வாஷிங்டன் குழுவும் சேர்ந்து 2016இல் வெளியிட்ட வினாத்தொகுப்பு அந்தச் சொல்லையே தொடுவதில்லை. பார்க்க, கேட்க, நடக்க, சொன்னதைப் புரிந்துகொள்ள, கற்க, நடத்தையைக் கட்டுப்படுத்தச் சிரமம் உண்டா, இருந்தால் எவ்வளவு என்று கேட்கிறது. 2-4 வயதுக்கு 16 கேள்வி, 5-17 வயதுக்கு 24. பதில் தாயிடமிருந்து. ஆனால் மகளின் கவலையும் துக்கமும் தாய்க்கு எவ்வளவு தெரியும் என்பதில் வரம்பு உண்டு. வளரிளம் பருவத்தினரிடம் நேரில் கேட்க வேண்டும், தனியாகக் கேட்க வேண்டும். ஒற்றை அறை வீட்டில் தனிமை எங்கே? மொட்டைமாடி, திண்ணை, இல்லையென்றால் பிள்ளை கையிலேயே டேப்லெட்டைக் கொடுத்துக் காதொலிக் கருவியில் கேள்வி ஒலிக்க விடுவது. தற்கொலை எண்ணம் பற்றிக் கேட்பதாக இருந்தால், அன்றே அழைக்க ஓர் ஆள் இருக்க வேண்டும். ஆள் இல்லையென்றால் அந்தக் கேள்வியை நீக்கிவிட வேண்டும்.

எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டே போனால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் தேசியக் குழந்தைகள் ஆய்வு இருக்கிறது. 2000ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்த திட்டம்; ஒரு லட்சம் குழந்தைகளைப் பிறப்புக்கு முன்பிருந்தே 21 வயதுவரை பின்தொடர்வது நோக்கம். சுற்றுச்சூழல் தூசு முதல் மரபணுவரை பட்டியல் நீண்டது, ஆட்களைச் சேர்க்கும் முறை மாறி மாறி வந்தது. நூறு கோடி டாலருக்கு மேல் செலவான பின், முன்னோட்டக் கட்டத்தில் சேர்ந்த சில ஆயிரம் குழந்தைகளோடு 2014 டிசம்பரில் மூடப்பட்டது. பணம் குறைவாக இருந்ததால் அது நிற்கவில்லை. எதைக் கைவிடுவது என்று கடைசிவரை தீராததுதான் பெரிய காரணம்.

முறையை மாற்றும்போது

ஐந்தாம் குடும்ப நல ஆய்வில், அதே விரல் துளி முறையில், சிறு குழந்தைகளின் இரத்தசோகை 67.1 சதவீதம் ஆனது. தமிழ்நாட்டில் 50.7 என்பது 57.4 ஆனது. அதன் பிறகு ஆறாம் சுற்றிலிருந்து இரத்தசோகைச் சோதனை எடுக்கப்பட்டு, ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் நரம்பு இரத்தத்தை வைத்து நடத்தும் தனி ஆய்வுக்கு மாற்றப்பட்டது. அறிவியல்படி இது சரியான திசை. உலக சுகாதார நிறுவனமும் 2024 வழிகாட்டுதலில் நரம்பு இரத்தத்தையும் தானியங்கிக் கருவியையும் பரிந்துரைக்கிறது. ஆனால் பாலம் கட்டாமல் ஆற்றைக் கடந்தார்கள். ஒரே குழந்தையிடம் ஒரே நாளில் இரண்டு முறையிலும் எடுத்த மாதிரி ஒவ்வொரு மாநிலத்திலும் சில நூறாவது இருந்திருந்தால், 1998-99 முதல் வந்த வரிசையைப் புதிய எண்ணோடு கோத்திருக்கலாம். நாளை 67 போய் 40 வந்தால், எவ்வளவு பேருக்கு உண்மையில் குணமானது, எவ்வளவு ஊசியால் வந்தது என்று பிரிக்க வழி இருக்காது.

அதே 2024 வழிகாட்டுதல் 6 முதல் 23 மாதக் குழந்தைகளுக்கான ஹீமோகுளோபின் எல்லையை டெசிலிட்டருக்கு 11 கிராமிலிருந்து 10.5க்கு இறக்கியது, 24 முதல் 59 மாதத்துக்கு 11 தொடர்கிறது. 10.7 கிராம் உள்ள ஒன்றரை வயதுக் குழந்தை நேற்றுவரை இரத்தசோகைக் கணக்கில், இன்று இல்லை. "உண்டு / இல்லை" என்று மட்டும் சேமித்த தரவுத்தொகுப்பில் இதைத் திரும்பக் கணக்கிட முடியாது. கிராம் எண், மாத வயது, ஊரின் கடல்மட்ட உயரம், இரத்தம் எடுத்த முறை, கருவியின் மாடல் எல்லாம் அப்படியே பதிவாக வேண்டும்.

நரம்பு இரத்தத்துக்கு மாறும்போது இன்னொன்று கைநழுவும். விரல் துளியில் ஒரு நிமிடத்துக்குள் எண் தெரியும். 7 கிராமுக்குக் கீழே என்றால் பணியாளர் அங்கேயே சீட்டு எழுதி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புவார். குழாயில் எடுத்த இரத்தத்தின் முடிவு வர நாட்கள் ஆகும், அதற்குள் குழு நான்கு ஊர் தள்ளிப் போயிருக்கும். அதனால் வாசலில் சிறு கருவியையும் வைத்திருப்பது நல்லது: அந்த எண் அறிக்கைக்குப் போக வேண்டாம், அந்தக் குழந்தைக்கு மட்டும். ஆய்வக முடிவு 7க்குக் கீழே வந்தால் 24 மணி நேரத்துக்குள் கிராம சுகாதாரச் செவிலியருக்குப் போன் போக வேண்டும், அவர் வீட்டுக்குப் போனாரா என்று மூன்றாம் நாள் கேட்க ஒருவர் பொறுப்பில் இருக்க வேண்டும். அந்த ஒருவரின் சம்பளமும் போன் செலவும் ஆய்வின் நிதிப்பட்டியலில், குவெட்டுக்கும் குழாய்க்கும் அடுத்த வரியில், முதல் நாளே எழுதப்பட்டிருக்க வேண்டும்.